இரண்டு வயது

"கொயந்தைக்கு இன்னா வயசும்மா?"
லாங் பஜார் பொம்மைக் கடைக்காரர் கேட்டார்.
ஏணியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
எந்தத் தட்டுக்குக் கை நீட்டுவது என்று தெரியவேண்டும் அவருக்கு.

"அஞ்சு மாசம்" என்றான் எத்திராஜ்.
"ரெண்டரை" என்றேன் நான்.
இரண்டும் ஒரே மூச்சில்.
வரும் வழியிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்.

பங்குனியில் பிறந்துவிட்டாள்,
வைகாசிக் கடைசியில் பிறக்கவேண்டியவள்.
நடுவில் பதினொரு வாரம்
யார் கணக்கிலும் வராமல் கிடக்கிறது,
மாசக் கடைசியில் என் இருப்புப் புத்தகத்தில்
உதைக்கும் சர்க்கரை மாதிரி.

தோட்டப்பாளையம் ரேஷன் கடையில்
எடை போடுகிறவள் நான்.
ஒரு கிலோ என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.
ஆனாலும் அன்றைக்கு நர்ஸ் வந்து
"ஒரு கிலோ நாற்பது" என்றபோது
ஒரு துவரம்பருப்பு பாக்கெட்டும்
மேலே ஒரு சிறங்கையும் கண்ணில் நின்றன.
அந்த நாற்பது கிராமை
கலெக்டரே வந்து கேட்டாலும் கழித்திருக்கமாட்டேன்.

கடைக்காரர் ஒரு கிலுகிலுப்பையை இறக்கினார்.
கையில் வாங்கினேன். நூறு கிராமுக்கு மேலே.
"வெயிட்டா இருக்குங்க."
"இதுவா? காத்தும்மா, காத்து."
காற்றின் எடையும் தெரியும் எனக்கு.
நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று
மூக்குக் குழாயில் அளந்து அளந்து கொடுத்தார்கள்,
ஒன்பது வாரம்.

அட்டையில் "மூன்று மாதம் முதல்" என்று போட்டிருந்தது.
எந்த மூன்று?
திருப்பிப் பார்த்தேன். விலைதான் இருந்தது.

தெரபி கொடுக்கும் ஜெசிந்தா மேடத்தின் சீட்டு
என் பர்ஸில் நாலாக மடிந்து கிடந்தது:
கறுப்பும் வெள்ளையும். ஒரு சாண் தூரம்.
ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.
முகத்தைத் திருப்பிக்கொண்டால்
போதும் என்று சொல்கிறாள். நிறுத்திவிடவும்.

இதற்குள் எத்திராஜ் ஒரு யானையைப் பிடித்துவிட்டான்.
ஊதா நிறம். தும்பிக்கையை அழுத்தினால் பாடுமாம்.
அழுத்தினான்.

டிங். டிங். டிங்.

என் கண் கடைச் சுவரில் எண்களைத் தேடியது.
எண்பத்தெட்டு. எண்பத்தைந்து.
ராட்டினமும் டிரம்மும் தொங்குகிற சுவரில்.
மூச்சை மறந்தால் உள்ளங்காலைச் சுண்டணும்,
அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
குனிந்து பார்க்கிறேன்,
என் விரல் யானையின் உள்ளங்காலைச்
சுண்டிக்கொண்டிருக்கிறது.

எத்திராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
கடைக்காரர்தான் ஏணியிலிருந்து இறங்கினார்.
வயிற்றைத் திறந்து பேட்டரி மூன்றையும் எடுத்து
டப்பாவில் போட்டுக்கொண்டார்.
"இது இல்லாம எடுத்துக்கும்மா,
முப்பது ரூபா கம்மி பண்ணிக்கிறேன்."
எங்கே, எப்போது, யாருக்கு என்று
நான் அவரைக் கேட்கவில்லை.

காந்தி ரோடு வழியாக நடந்தோம்.
லாட்ஜ் வாசல்களில் வங்காள எழுத்துப் பலகைகள்.
பெரிய ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர்
எத்திராஜ் கையிலிருந்த யானையைப் பார்த்துச் சிரித்தார்.
ஆவணி என்று பேர், வெயில் அக்னி நட்சத்திரம்.

வீட்டில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம்
மை பேனாவால் பட்டையாகக் கோடு போட்டேன்.
கோணல்தான். ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.
பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு முகத்தைத் திருப்பினாள். நிறுத்திவிட்டேன்.
எனக்கு இதுவரை யாரும்
இவ்வளவு தெளிவாகப் போதும் என்று சொன்னதில்லை.
ரேஷன் கடையில் யார் சொல்வார்கள்?

யானை பாயின் ஓரத்தில் ஊமையாகப் படுத்திருந்தது.
பத்து நாள் கழித்து அவள் கால்
தும்பிக்கையில் பட்டது. ஒரு சத்தம் வந்தது.
யானை இல்லை. பேட்டரி லாங் பஜாரில் இருக்கிறது.
சிரிப்பு என்கிறான் எத்திராஜ்.
ஏப்பம் என்கிறேன் நான்.
மேடத்துக்குக் காட்டும் நோட்டில்
தேதி மட்டும் போட்டு
எதிரே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.